192.168.100.1: ரவுட்டருக்கு அப்பால் இருக்கும் பக்கம்

அமெரிக்காவில் கேபிள் கம்பெனியிடம் இணையம் வாங்கிய வீடுகளில், மோடம் என்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. அதன் முகவரி 192.168.100.1. கம்பெனியின் கம்பி வீட்டுக்குள் எவ்வளவு சிக்னலைக் கொண்டுவந்து சேர்க்கிறது, திருப்பிப் பேச மோடம் எவ்வளவு பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது, நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தொடர்பு அறுந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். மாதாமாதம் தவறாமல் பணம் கட்டுகிற எத்தனையோ பேர் அதைப் பார்த்ததே இல்லை.

பார்க்க நினைக்கிறவர்களுக்கும் அது லேசில் திறப்பதில்லை. நான் நெட்வொர்க் வேலையில் இருப்பவன் என்பதால், நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் நெட் தகராறு வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் முதலில் கேட்பது இந்தப் பக்கத்தைத்தான். அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "திறக்க மாட்டேங்குது." ஏன் திறக்கவில்லை என்பது புரிந்துவிட்டால், வீட்டு நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்பதும் பாதி புரிந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கோடையில் ஒரு வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி டவுன்ஹவுஸில் இருக்கிறார். சனி, ஞாயிறுகளில் ஜூம் வழியாகப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, நான் பாடுறது மட்டும் பிள்ளைங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குதாம். அவங்க பாடுறது எனக்குச் சுத்தமாக் கேக்குது. காலைல கிளாஸ்ல ஒரு தொந்தரவும் இல்ல. மத்தியானம் ரெண்டு மணி கிளாஸ்தான் பாடாப் படுத்துது."

நோயைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. உள்ளே வருவது சரியாக வருகிறது, வெளியே போவது கெடுகிறது, அதுவும் வெயில் ஏறிய நேரத்தில். ஆனால் கம்பெனியின் உதவி எண்ணில் பேசியவர் ஏதோ ஒரு சோதனையை ஓட்டிவிட்டு, லைன் நன்றாக இருக்கிறது, இன்னும் வேகமான பிளானுக்கு மாறினால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு குரலை மட்டும் கொண்டுபோக நொடிக்கு நூறு கிலோபிட் இருந்தாலே தாராளம். அக்கா வீட்டில் வாங்கியிருந்தது அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. வேகம் போதவில்லை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

"பிளானை மாத்தாதீங்க அக்கா. மோடம் என்ன சொல்லுதுன்னு முதல்ல பாத்துருவோம்" என்றேன்.

முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அக்கா போனில் தட்டிப் பார்த்தார். வந்தது கூகுள் தேடல் பக்கம். இது அடிக்கடி நடக்கும். முகவரிப் பெட்டியில் ஒரு எழுத்தோ இடைவெளியோ கூடக் குறைய விழுந்தால், ஒன்று என்ற எண்ணுக்குப் பதிலாக எல் என்ற ஆங்கில எழுத்து விழுந்தால், பிரவுசர் அதைத் தேடவேண்டிய சொல்லாக எடுத்துக்கொள்கிறது. தேடினால் இந்த எண்ணைத் தலைப்பிலேயே போட்டுக்கொண்டு விளம்பரம் நிறைந்த தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் எதுவும் உங்கள் மோடம் இல்லை. உங்கள் மோடத்தின் பக்கம் எந்தத் தேடலிலும் வராது, அது உங்கள் வீட்டுக்குள் மட்டுமே இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் ஹெச்டிடிபி என்பதையும் அதற்குரிய புள்ளிகளையும் இரண்டு சாய்கோடுகளையும் (http://) சேர்த்து அடித்தால், இது முகவரிதான் என்று பிரவுசருக்கு ஐயமில்லாமல் தெரிந்துவிடும்.

அப்படி அடித்த பிறகும் திறக்கவில்லை. வெள்ளைத் திரை கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, பதில் வரவில்லை என்று சொல்லி நின்றது. இந்த இடத்தில்தான் பலர் பேப்பர் கிளிப்பை எடுத்து மோடத்தின் பின்பக்கத்து ரீசெட் ஓட்டையில் குத்துகிறார்கள். வேண்டாம். பக்கம் திறக்காததற்கும் மோடம் கெட்டுப்போவதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. மோடமும், வீட்டுக்கு வைஃபை கொடுக்கும் ரவுட்டரும் ஒன்றாக இருக்கும் பெட்டியில் அதைக் குத்தினால், வைஃபை பெயர், பாஸ்வேர்டு உட்பட நீங்கள் செய்துவைத்த அத்தனையும் அழியும்.

பதில் ஏன் வரவில்லை? அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டில் உள்ள போன், லேப்டாப், டிவி எல்லாம் ரவுட்டரிடம் முகவரி வாங்கிக்கொள்கின்றன. அவை 192.168.1 என்றோ 192.168.0 என்றோ தொடங்கும். அது ரவுட்டரின் சொந்த ஊர். அந்த ஊருக்குள் இருக்கும் முகவரிக்கு எதை அனுப்பினாலும் ரவுட்டர் நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மோடமோ அந்த ஊரில் இல்லை. ரவுட்டருக்கு வெளியே, கம்பெனியின் கம்பியில், ரவுட்டருக்கும் உலகத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே நீங்கள் 192.168.100.1 என்று கேட்கும்போது ரவுட்டர் தன் பட்டியலைப் பார்க்கிறது. இந்த எண் நம் ஊரில் இல்லை என்று கண்டு, தெரியாத எல்லா முகவரிகளுக்கும் செய்வதையே இதற்கும் செய்கிறது. அதாவது, கம்பெனியின் பக்கம் தள்ளிவிடுகிறது.

உங்கள் கேள்வியைச் சுமந்து போகும் அந்தப் பேக்கெட், அதாவது தரவுப் பொட்டலம், கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கேயே செத்துப்போகும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணப்படி தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவற்றுக்கு வழியே கிடையாது. ஆனால் அது போய்ச் சேர்வதில்லை. போகிற வழியில் மோடம் இருக்கிறதே! தன்னைக் கடந்து போகும் பேக்கெட்டின் மேல் 192.168.100.1 என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், தபால் பெட்டிக்குப் போகிற கடிதத்தை வாசலிலேயே வாங்கிக்கொள்கிற மாதிரி, மோடம் அதை நிறுத்தி எடுத்துக்கொண்டு தானே பதில் எழுதுகிறது. கேபிள் மோடத்தின் பக்கம் திறப்பதன் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான். எனக்கு இது இன்றைக்கும் அழகான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. வீட்டில் எந்த செட்டிங்கையும் தொடாமல், ரவுட்டருக்கு அந்த முகவரி இருப்பதே தெரியாமல், பக்கம் வந்துவிடுகிறது.

இந்த எண் ஏதோ ஒரு கம்பெனி தன் விருப்பத்துக்கு வைத்துக்கொண்டதும் அல்ல. கேபிள் மோடங்கள் எப்படிப் பேச வேண்டும் என்பதை கேபிள்லேப்ஸ் என்ற அமைப்பு டாக்சிஸ் என்ற பெயரில் வகுத்துவைத்திருக்கிறது. 1.0 வந்தது 1997-இல், 3.0 வந்தது 2006-இல், 3.1 வந்தது 2013-இல். வீட்டுப் பக்கத்திலிருந்து கோளாறு பார்ப்பதற்கு 192.168.100.1 என்ற முகவரி இருக்க வேண்டும் என்று அந்த விதிநூலிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே மோடம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், அது வெறும் மோடமாக மட்டும் இருந்தால், முதலில் முயல வேண்டிய எண் இதுதான்.

மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியில் இருந்தால் கதை வேறு. காம்காஸ்ட் என்ற கேபிள் கம்பெனி கொடுக்கும் பெட்டிகளுக்கு 10.0.0.1. வேறு பலவற்றுக்கு 192.168.0.1. பிரிட்டனில் வர்ஜின் மீடியா பெட்டி ரவுட்டராக வேலை செய்யும்போது 192.168.0.1, வெறும் மோடமாக மாற்றிவைத்தால் 192.168.100.1. தமிழ்நாட்டில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களில் சிலருக்கும், குறிப்பாக ஹுவாவே பெட்டி இருந்தால், இதே 192.168.100.1 வரும். எண் ஒன்றாக இருந்தாலும் அங்கே அது ரவுட்டரின் சொந்த முகவரி. நான் மேலே சொன்ன வாசல் ஏற்பாடு அதற்குப் பொருந்தாது.

அக்கா வீட்டுக்கு வருவோம். பேக்கெட் போகிற வழி தெரிந்துவிட்டதால், அது எங்கே நின்றுபோகிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். அன்று சாயங்காலம் நேரில் போனேன். அக்காவின் போன், விருந்தாளிகளுக்கென்று வைத்த கெஸ்ட் வைஃபையில் இருந்தது. பாஸ்வேர்டு சின்னது, அதனால் அதிலேயே போட்டுவைத்திருக்கிறார். கெஸ்ட் வைஃபையின் வேலையே, அதில் இருப்பவர்கள் இணையத்தைத் தவிர வீட்டுக்குள் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வது. பல ரவுட்டர்கள் அதற்காகத் தனியார் முகவரிகள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மறித்துவிடும். மோடத்தின் எண்ணும் அந்த வரிசையில் வருவதால் அதுவும் அடிபடும். போனில் இன்னொரு தொல்லையும் உண்டு. வைஃபையில் இணையம் சரியில்லை என்று தோன்றினால், போன் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். செல்போன் டவர் வழியாக உங்கள் வீட்டு மோடத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அத்தான் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். "இதுல பாருங்க, இது நல்ல வைஃபைலதான் இருக்கு." இருந்தது. ஆனால் அது ஆபீஸ் லேப்டாப். இந்த ஊரில் நம்மவர்கள் வீட்டில் மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஆபீஸ் கொடுத்ததாகத்தான் இருக்கும், அதில் வி.பி.என். ஓடிக்கொண்டிருக்கும். வி.பி.என். ஓடும்போது, எங்கே போக வேண்டிய பேக்கெட்டாக இருந்தாலும் பூட்டிய உறைக்குள் போட்டு ஆபீஸுக்கு அனுப்பிவிடும். உறையின் மேல் ஆபீஸ் முகவரிதான் இருக்கும். மோடம் அதைப் பார்த்தாலும் உள்ளே தன் பெயர் இருப்பது அதற்குத் தெரியாது. வி.பி.என்-ஐ நிறுத்தலாம். அத்தானின் ஆபீஸில் அதை நிறுத்த விடுவதில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரின் பாதுகாப்பு விதிகளோடு மல்லுக்கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது அவர்களுடைய பொருள்.

மகளின் காலேஜ் லேப்டாப்பை வாங்கினோம். சரியான வைஃபை, வி.பி.என். கிடையாது, முகவரியும் சரி. அப்போதும் பதில் இல்லை. இப்போது மிச்சம் இருப்பது ரவுட்டர் ஒன்றுதான். அக்கா வீட்டில் அறைக்கு அறை வைக்கும் மெஷ் வகை. சில ரவுட்டர்கள், தனியார் முகவரிக்குப் போகும் எதையும் வெளிவாசல் வழியாக விடுவதில்லை. வெளியே போனாலும் அது எங்கும் சேரப்போவதில்லையே என்பது அதன் கணக்கு. பொதுவாக அது நியாயமான கணக்கு, கேபிள் மோடம் இருக்கும் வீட்டுக்கு மட்டும் பொருந்தாத கணக்கு. அந்த ரவுட்டரின் ஆப்பில் இதை மாற்ற வழி எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு சூழ்நிலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையம் முழுசாக விழுந்துபோன நேரத்தில்தான் பலரும் இந்தப் பக்கத்தைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் ரவுட்டரிடம் கம்பெனி கொடுத்த முகவரி இருக்காது, வெளியே போகும் வழியும் இருக்காது. ஆகவே பேக்கெட் ரவுட்டரைத் தாண்டவே தாண்டாது. மோடத்தைச் செய்தவர்கள் இதையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கம்பெனியோடு தொடர்பு கிடைக்காத நிலையில் பல மோடங்கள் தாமே கேட்பவருக்கு 192.168.100 என்று தொடங்கும் ஒரு முகவரியைக் கொஞ்ச நேரத்துக்குக் கொடுக்கும். ரவுட்டர் அதை வாங்கிக்கொண்டால் பக்கம் திறக்கும். சில ரவுட்டர்கள் வாங்கிக்கொள்ளாது. லைன் திரும்பி வந்த பிறகும் ரவுட்டர் அந்தத் தற்காலிக முகவரியையே பிடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு. மோடத்தில் விளக்கெல்லாம் சரியாக எரிகிறது, வீட்டில் மட்டும் நெட் இல்லை என்றால் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 192.168.100 என்று தொடங்கினால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுவதே மருந்து.

அக்கா வீட்டில் ரவுட்டரைச் சுற்றிக்கொண்டு போவது என்று முடிவுசெய்தோம். மோடத்திலிருந்து ரவுட்டருக்குப் போகும் லேன் கேபிளை ரவுட்டர் பக்கம் கழற்றி, மகளின் லேப்டாப்பில் நேரே செருகினேன். வைஃபையை அணைத்தேன். இப்படிச் செருகும்போது இரண்டு விஷயத்தை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். ஒன்று, லேப்டாப்பில் இணையம் வராமல் போகலாம். கடைசியாகப் பார்த்த ரவுட்டரையே மோடம் ஞாபகம் வைத்திருக்கும், புதிய சாதனத்தை ஏற்க அதை அணைத்துப் போட வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியது இணையம் இல்லை, மோடத்தின் பக்கம்தான் என்பதால் அணைக்கத் தேவையில்லை. அணைத்தால் சில மாடல்களில் எண்ணிக்கைகளும் பதிவேடும் அழிந்துபோகும், பார்க்க வந்ததே அதைத்தான். இரண்டாவது, லேப்டாப்புக்கு முகவரியே கிடைக்காமல் போகலாம். அப்போது நாமே எழுதிக்கொடுக்க வேண்டும்: முகவரி 192.168.100.2, மாஸ்க் 255.255.255.0. லேப்டாப்பும் மோடத்தின் ஊர்க்காரராகிவிடுவதால் நேருக்கு நேர் பேச முடியும். வேலை முடிந்ததும் இதைப் பழையபடி தானாக வாங்கிக்கொள்ளும் நிலைக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து எந்த லேன் கேபிளில் செருகினாலும் இந்த முகவரியோடு நெட் வராது.

இந்த முறை உடனே பதில் வந்தது. வந்தது பெரிய சிவப்பு எச்சரிக்கை: இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல. அக்கா பயந்துவிட்டார். "ஹேக் பண்ணிட்டாங்களா தம்பி?"

இல்லை. வங்கித் தளம் போன்றவற்றுக்கு வெளியே ஒரு நிறுவனம் சான்று கொடுக்கும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அப்படி யாரும் சான்று கொடுப்பதில்லை, அது தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறது. பிரவுசர் அதை நம்ப மறுக்கிறது. நேராகக் கம்பியில் செருகி, எண்ணை நீங்களே அடித்துப் போன இந்த ஒரு இடத்தில், மேம்பட்டது என்ற பொத்தானைத் தட்டி உள்ளே போகலாம். வெளித் தளம் எதிலும் இந்த எச்சரிக்கையைத் தாண்டாதீர்கள். பழைய மோடங்களில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். 2020-இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் இணைப்பைப் பூட்டும் முறையான டிஎல்எஸ்-இன் பழைய வடிவங்களான 1.0, 1.1 இரண்டையும் கைவிட்டன. அந்தப் பழைய வடிவங்களோடு நின்றுபோன மோடத்தில் பூட்டுள்ள முகவரியை (https) கேட்டால் தாண்டிப்போகும் பொத்தான்கூட வராது. பூட்டில்லாத சாதாரண ஹெச்டிடிபி முகவரியை அடித்துப் பார்ப்பதுதான் வழி.

அடுத்து பாஸ்வேர்டு. அக்கா வீட்டு மாடலில் பெயர் அட்மின், பாஸ்வேர்டு சீரியல் எண்ணின் கடைசி எட்டு இலக்கம். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து அத்தான் படித்தார், நான் அடித்தேன். மாடலுக்கு மாடல் இது மாறும். பல பெட்டிகளில் ஒட்டுத்தாளிலேயே எழுதியிருப்பார்கள்.

முன்பு பல மோடங்களில் இந்தப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டே இருந்ததில்லை. முகவரியை அடித்தால் போதும், எண்கள் எல்லாம் கண்முன் வரும். பிறகு பூட்டினார்கள், காரணம் இருந்தது. 2016-இல், அமெரிக்க வீடுகளில் மிகப் பரவலாக இருந்த சர்ஃப்போர்டு என்ற மோடம் வகையில் ஒரு மாடலை, ஏதோ ஒரு வலைத்தளத்தில் ஒளித்துவைத்த இணைப்பின் மூலமே ரீபூட் செய்ய முடியும் என்று தெரியவந்தது. அந்தத் தளத்தைத் திறந்தவரின் பிரவுசரே 192.168.100.1-க்குப் போய் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிடும். 2020 ஜனவரியில் டென்மார்க் ஆய்வாளர்கள் கேபிள் ஹான்ட் என்று பெயரிட்டு இன்னும் மோசமான ஓட்டையை வெளியிட்டார்கள். பிராட்காம் சிப் உள்ள பல மோடங்களில், சிக்னலை வரைபடமாகக் காட்டும் கருவியின் வழியாக மோடத்தையே கைப்பற்ற முடிந்தது. ஐரோப்பாவில் மட்டும் சுமார் 20 கோடி மோடங்கள் அந்த ஆபத்தில் இருந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள்.

ஆகவே ரீபூட் பொத்தானையும் மாற்றக்கூடிய செட்டிங்குகளையும் பூட்டுவது சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படிக்க மட்டுமே உள்ள சிக்னல் எண்களையும் சேர்த்துப் பூட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சில கம்பெனிகள் ஒரு படி மேலே போய் அந்தப் பக்கத்தையே மறைத்துவிடுகின்றன. அவர்களால் அது முடியும். மோடத்தை நீங்கள் கடையில் சொந்தக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றும் அதிகாரம் கேபிள் கம்பெனியிடம்தான் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. சொந்த மோடம் வைத்திருப்பவரிடம் வாடகை வாங்கக் கூடாது என்று 2020 டிசம்பர் முதல் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. சொந்த மோடம் என்ன சொல்கிறது என்று படிக்கும் உரிமையையும் அதே தெளிவோடு எழுதிவைக்க வேண்டும். பணம் கட்டுகிறவரிடம் லைன் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் போனில் சொல்லும்போது, அதைச் சரிபார்க்க வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி இந்தப் பக்கம். சாட்சி வாயைத் திறக்காதபடி கட்டிவைத்துவிட்டு நம்பச் சொல்வது நியாயமில்லை.

அக்கா வீட்டுச் சாட்சி நிறையவே பேசியது. உள்ளே வரும் சானல்களின், அதாவது அலைவரிசைகளின், பவர் மைனஸ் 9 என்று இருந்தது. அளவு டெசிபெல் மில்லிவோல்ட், சுழியம் என்றால் ஒரு மில்லிவோல்ட். மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வரை மோடம் வேலை செய்யும், மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. ஆக, வருவது கொஞ்சம் தாழ்வு, ஆனாலும் இரைச்சலைவிடச் சிக்னல் 35 டெசிபெல் மேலே இருந்ததால் சிக்கல் இல்லை. பிள்ளைகள் பாடுவது அக்காவுக்குச் சுத்தமாகக் கேட்டது இதனால்தான்.

வெளியே போகும் பக்கம் பார்த்தால் நான்கு சானலிலும் 51. உள்ளே வருவதில் எண் சுழியத்தை ஒட்டி இருந்தால் நல்லது. வெளியே போவதில் எண் எவ்வளவு கூடுகிறதோ மோடம் அவ்வளவு கத்திப் பேச வேண்டியிருக்கிறது என்று பொருள். கம்பெனியின் முனைக்குத் தன் குரல் ஒரே அளவில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, வழியில் எவ்வளவு இழப்போ அவ்வளவு பலத்தை மோடம் கூட்டிக்கொள்ளும். டாக்சிஸ் 3.0 மோடம் நான்கு சானலில் பேசும்போது வழக்கமாக 51-தான் ஏறக்கூடிய உச்சம். அதற்கு மேல் கத்த அதனிடம் குரல் கிடையாது. வெயில் ஏற ஏறக் கம்பியின் இழப்பும் கூடும். காலையில் உச்சத்தை ஒட்டி நின்று சமாளித்த மோடம், மத்தியானம் இரண்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் ஏற வேண்டிய நேரத்தில் ஏற முடியாமல் நின்றிருக்கிறது.

பதிவேட்டில் அதற்கான தடயம் வரிவரியாக இருந்தது: டி3 டைம்அவுட். நான் இங்கே இருக்கிறேன் என்று மோடம் சொல்லி, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கம்பெனி முனையிலிருந்து பதில் வராவிட்டால் எழுதப்படும் வரி அது. தொடர்ந்து பதினாறு முறை பதில் வராவிட்டால் மோடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பதிவேட்டில் சில வரிகளுக்கு எதிரே 1970 ஜனவரி 1 என்று தேதி இருந்ததைப் பார்த்து அத்தான் குழம்பினார். மோடத்துக்குச் சொந்தக் கடிகாரம் இல்லை, கம்பெனியிடம்தான் நேரம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். தொடர்பு கிடைப்பதற்கு முன் எழுதிய வரிகளுக்கு அந்த ஆதித் தேதிதான் விழும். அப்படிப்பட்ட வரிகள் அடிக்கடி தென்பட்டால், மோடம் அடிக்கடி மறுபிறவி எடுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

"கம்பி வீட்டுக்குள்ள எங்க வருது அத்தான்?" என்று கேட்டேன். பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போனார். கம்பெனியின் கம்பி உள்ளே நுழைந்ததும் ஒரு கம்பியை நாலாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் ஏறியிருந்தது. முன்பு இருந்தவர்கள் அறைக்கு ஒரு கேபிள் டிவி வைத்திருந்த காலத்து ஏற்பாடு. இப்போது அதில் மூன்று வாய் வெறுமையாகத் திறந்து கிடக்க, நாலாவதில் மட்டும் மோடம். ஒவ்வொரு வாயின் மேலும் 7 டெசிபெல் இழப்பு என்று ஸ்ப்ளிட்டரிலேயே அச்சடித்திருந்தது. 7 டெசிபெல் போனால் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு பலம். அந்த வீட்டில் கேபிள் டிவியே கிடையாது, இழப்பதற்குக் காரணமே இல்லாமல் இவ்வளவையும் இழந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு கம்பியையும் நேராக இணைக்கும் சின்ன பேரல் கனெக்டரைப் போட்டேன், ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற பொருள்தான். கம்பி நுழையும் இடத்தில் செம்புக் கம்பியோடு பூமியில் இணைத்திருக்கும் கட்டையை மட்டும் தொடவில்லை. இடி மின்னலுக்கான காப்பு அது, அதை யாரும் தொடக் கூடாது. மேலே வந்து பக்கத்தைப் புதுப்பித்தோம். உள்ளே வருவது மைனஸ் 2, வெளியே போவது 44. கழற்றிய ஸ்ப்ளிட்டரில் அச்சடித்திருந்த அதே 7, இரண்டு பக்கமும் அப்படியே தெரிந்தது.

மறுவாரம் சனிக்கிழமை மத்தியான வகுப்பு முடிந்ததும் அக்கா கூப்பிட்டார். "ஒரு பிள்ளகூட இன்னிக்குக் கேக்கலன்னு சொல்லல தம்பி." ஆனாலும் பதிவேட்டில் இன்னும் ஒன்றிரண்டு டி3 வரிகள் விழுகின்றன. சுவருக்கு வெளியே இருக்கும் பெட்டியில் கனெக்டர் துருப்பிடித்திருப்பதைப் பார்த்தேன். அது கம்பெனியின் பொறுப்பு. டெக்னீசியனை வரச்சொல்லியிருக்கிறார்கள். அவர் வரும் நாளில் காட்டுவதற்காக, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த பக்கங்களின் படத்தையும் துருப்பிடித்த இடத்தின் படத்தையும் அக்கா போனில் வைத்திருக்கிறார்.

நேராக லேன் கேபிளில் செருகியும், முகவரியைக் கையால் எழுதியும் உங்கள் வீட்டில் பக்கம் திறக்கவில்லை என்றால் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இணையத்தைக் கொண்டுசெல்லும் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தைக் காட்டும் பகுதி மட்டும் உறைந்துபோவது உண்டு. அதற்குப் பிறகும் இல்லை என்றால் கம்பெனி மூடிவைத்திருக்கிறது. அப்போது கம்பெனியைக் கூப்பிட்டு, லைன் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அப்ஸ்ட்ரீம் (வெளியே போகும்) பவர் எவ்வளவு, டவுன்ஸ்ட்ரீம் (உள்ளே வரும்) பவர் எவ்வளவு, இரைச்சலுக்கு மேல் சிக்னல் எத்தனை டெசிபெல், நேற்று எத்தனை டி3 என்று எண்ணாகக் கேளுங்கள். அவர்கள் திரையில் அவை இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.